மாமா கொண்டு வந்த சொல்

மெல்போர்னிலிருந்து லீவில் வந்த என் தாய்மாமாவை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குள் பெட்டியை இறக்கிய நிமிடத்திலிருந்து அவர் வாயில் ஒரே சொல்தான்: டாட்ஜி. குழாய்த் தண்ணீர் டாட்ஜி. சுவிட்ச் போர்டு டாட்ஜி. மீட்டர் போடாத ஆட்டோ டாட்ஜி. தெருமுனைக் கடை சிக்கன் பகோடாவும் டாட்ஜிதான், ஆனால் அதை மட்டும் விடாமல் தினமும் வாங்கித் தின்றார். மெல்போர்னில் வீட்டு வேலைக்கு ஆள் கிடையாது, பாத்திரம்கூடத் தானே தேய்ப்பதாக நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். எல்லோரும் வாயைப் பிளந்தோம். இங்கே அவர் குடித்த டம்ளர் குடித்த இடத்திலேயே கிடந்தது.

நான் அப்போது நான்காம் வகுப்பு. "டாட்ஜின்னா இன்னா மாமா?" என்று கேட்டேன்.

"எதுன்னு சொல்லத் தெரியாது. ஆனா இன்னாவோ சரியில்லன்னு மனசுல படும்ல, அதான். அங்க எல்லாத்துக்கும் அதான் சொல்லுவாங்க."

காரணமே சொல்ல வேண்டாம் என்பதால் எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. கணக்கு டீச்சர் முதல் பாகற்காய் வரை நானும் டாட்ஜி என்றேன்.

அந்த லீவில்தான் சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். மாப்பிள்ளை ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருந்தார். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு முடித்தவர், தன் தட்டைத் தானே எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர்கள் கிளம்பியதும் சித்தி, "எனக்குப் புடிச்சிருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னாள். எங்கள் வீட்டில் பெண்கள் அப்படிச் சொல்வது வழக்கமில்லை.

மாமா உதட்டைப் பிதுக்கினார். "பொண்ணு பார்க்க வந்த எடத்துல தட்டு கழுவுறவன் இன்னா ஆளு? டாட்ஜி."

அவ்வளவுதான். பட்டறையை யாரும் போய்ப் பார்க்கவில்லை, அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. வெளிநாட்டு அண்ணனே சொல்லிவிட்டார் என்று அப்பா தரகருக்கு போன் போட்டு வேண்டாம் என்றார். அத்தனை பெரியவர்களில் ஒருவருக்காவது புத்தி இருந்ததா?

சித்தி மாமாவின் முன்னால் வந்து நின்றாள். "ஏண்ணே, நீ தேய்ச்சா பெருமை, அவர் கழுவுனா டாட்ஜியா? அவர்கிட்ட இன்னா தப்பு கண்ட? அத சொல்லு."

மாமா பகோடாப் பொட்டலத்தைப் பிரித்தார். பாவம், சித்திக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"எதுன்னு சொல்லத் தெரியாது சித்தி," என்று விளக்கினேன். "அதான் டாட்ஜி."

மாமா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். சித்தி அழ ஆரம்பித்தாள். இங்கிலீஷ் சொல் ஒன்றுக்கு இவ்வளவு சரியாக அர்த்தம் சொல்லியிருக்கிறேன், பாராட்டாமல் அழுகிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.