முப்பத்தெட்டுத் தகடு

அந்த ஆட்டத்தில் ஒரு தகடு உருவாகப் பதினோரு நொடி ஆகும். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நிரம்பும், சின்னதாக ஒரு மணிச்சத்தம் வரும், எண்ணிக்கையில் ஒன்று கூடும். நான் வேலை பார்க்கும் ஓசூர் கம்பெனியில் ஒரு பீஸுக்கு நாற்பத்திரண்டு நொடி. பீஸை மெஷினில் வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தி, முடிந்ததும் எடுத்து, காற்றடித்து, தட்டில் அடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் அதைச் செய்துவிட்டு வந்தவன், வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் அதே மாதிரி ஒரு வேலையை ஏன் செய்தாய் என்று கேட்டால் இதைச் சொல்வேன். கம்பெனியில் எண்ணிக்கை லைனுடையது. இங்கே அது என்னுடையது என்று தோன்றியது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆட்டம் இதுதான். விண்வெளியில் மிதக்கும் பாறைகளைக் கதிர் பாய்ச்சி உடைக்க வேண்டும். உடைந்ததைக் கப்பலில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுபோய் உருக்கித் தகடாக்க வேண்டும். நானூறு தகடு சேர்ந்தால் அடுத்த துளைக்கருவியின் வரைபடம் திறக்கும். அதை வைத்து இன்னும் கெட்டியான பாறையை உடைக்கலாம். அதிலிருந்து வேறு ஒரு தகடு, அதற்கு அறுநூறு. முடிவே கிடையாது. எங்கள் குழுவில் நான்கு பேர். அதில் ஒருவர் அத்திப்பள்ளி தாண்டி எங்கோ இருந்தார், முகம் பார்த்ததில்லை. காதுக்குள் அவர் குரல் மட்டும் வரும்: "குரு, இன்னு எஷ்டு?" கன்னடத்தில் 'மச்சி, இன்னும் எத்தனை' என்று அர்த்தம். நான் எண்ணிக்கையைச் சொல்வேன். "சூப்பர் குரு" என்பார். கம்பெனியில் மூன்று வருடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வீட்டில் நான் சொன்ன பொய்யிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் வீடு குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே. அப்பா கிரானைட் குவாரியில் கல் பிளக்கிறார். அம்மா பூந்தோட்டத்துக் கூலிக்குப் போகிறாள். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. டிப்ளமோ முடித்த முதல் ஆள் நான். லேப்டாப் வாங்கிய புதிதில் அம்மா பின்னால் வந்து நின்று, "என்னா கண்ணு படிக்கற?" என்றாள். திரை முழுக்க ஆங்கிலம். "டிசைன் கோர்ஸ்ம்மா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது.

அன்றிலிருந்து நான் லேப்டாப்பைத் திறந்தால் டிவி சத்தம் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரி உரக்கப் பேசினால் அம்மா வாசலுக்குப் போய், "மெல்ல பேசு, பையன் படிக்கறான்" என்பாள். எனக்கு அது கேட்கும். கேட்டுக்கொண்டே அடுத்த பாறைக்குப் போவேன்.

அப்பா ஒருமுறை திரையை உற்றுப் பார்த்தார். "இது கல்லு ஒடைக்கற மாதிரி இக்குது?"

"கம்ப்யூட்டர்ல செஞ்சு பாக்கறதுப்பா. நெசமா செய்யறதுக்கு முன்னாடி."

"குழி போடாம, ஆப்பு எறக்காம கல்லு எப்புடிடா பொளக்கும்?"

"லேசர்ப்பா."

"அது வந்துட்ச்சுன்னா எங்க பொழப்பு அவ்ளோதான்" என்று சிரித்தார். மறுநாள் குவாரியில் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நினைக்கவே கூசியது. ஆனாலும் விளையாடினேன்.

தங்கை பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். இன்ஜினியரிங் சேர்க்கைக்கு, வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தி இணையத்தில் ஏற்றி, இனி மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டும். பள்ளி ஆசிரியையிடம் இரண்டு வாரம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் ஐம்பத்திரண்டு கல்லூரி எண்களை எழுதி வைத்திருந்தாள். மேலே பெரிய கல்லூரிகள், கிடைத்தால் கிடைக்கட்டும் என்று. பத்தொன்பதாவதுதான் அவள் மனதில் இருந்தது: தினமும் பஸ்ஸில் போய்வரக்கூடிய அரசுக் கல்லூரி, எலக்ட்ரானிக்ஸ். அந்த எண்ணைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் போட்டிருந்தாள்.

பூட்ட வேண்டிய கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் மலைக்கிராமத்தில் பெரியம்மா இறந்துபோனாள். அம்மாவும் தங்கையும் போனார்கள். மூன்றாம் நாள் பால் ஊற்றும்வரை வர முடியாது. அங்கே சிக்னல் கிடையாது, பஸ்ஸும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கிளம்பும்போது தங்கை நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

"அண்ணா, வரிசைய மட்டும் மாத்திறாத."

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

"அஞ்சு மணி வரைக்கும்தான் டைமு. அப்பாவுக்கு ஓடிபி போகும், சொல்லி வச்சிக்கோ."

பள்ளியில் விண்ணப்பம் போட்டபோது பெற்றோர் நம்பரைத்தான் கேட்டார்கள். அப்பாவின் பட்டன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டாள். எங்கள் மாதிரி வீடுகளில் எல்லோரும் செய்வதுதான் இது. அப்பா பெயர் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் அப்பா நம்பரைப் போடுவது மரியாதை என்று நினைத்திருப்பாள். அப்பாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். கல்லில் நீள அகலம் குறித்துக் குறித்துப் பழகியது.

முதல் நாளே முடித்திருக்கலாம். இரண்டாம் நாளும் நேரமிருந்தது. கடைசி நாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போதுதான் அப்பாவிடம் சொன்னேன்: "மதியத்துக்கு மேல கூப்புடுவேன்ப்பா. மெசேஜ்ல ஆறு நம்பர் வரும், அத எனக்குப் படிச்சுச் சொல்லணும்."

"எத்தன மணிக்கு?"

"மதியத்துக்கு மேல."

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது மூன்று. அன்று ஆட்டத்தில் நான்கு மணிவரை ஒரு சலுகை: உடைக்கிற பாறையில் இரண்டு மடங்கு கிடைக்கும். என் கணக்கில் முந்நூற்று அறுபத்திரண்டு தகடு. இன்னும் முப்பத்தெட்டு. அரை மணியில் முடிந்துவிடும், அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, ஐம்பத்திரண்டு எண் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன். நோட்டை லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே விரித்து வைத்துக்கொண்டேன். அதை மறக்கவில்லை என்பதை இங்கே எழுத வேண்டும். மறந்திருந்தால் இவ்வளவு கூச்சம் இருக்காது.

அரை மணி ஒரு மணி ஆனது. கப்பல் நிரம்பியதும் நிலையத்துக்குப் போய் வர வேண்டும். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இருபது தகடு மிச்சம் இருக்கும்போது மூன்றரை. இப்போது விட்டால் இரண்டு மடங்கு போய்விடும் என்று உட்கார்ந்தேன். மூன்று ஐம்பத்தெட்டுக்கு வரைபடம் திறந்தது. காதுக்குள் அத்திப்பள்ளிக்காரர் கைதட்டினார். நானும் சிரித்தேன்.

சேர்க்கைப் பக்கத்தைத் திறந்தேன். கடைசி நேரத்தில் என்னைப் போல எத்தனை பேரோ, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடிபி அனுப்பச் சொல்லி அழுத்திவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தார்.

"வந்துட்ச்சுடா. இரு, போன வச்சுட்டுப் பாத்துட்டுக் கூப்புடறன்."

அந்த போனில் பேசிக்கொண்டே மெசேஜ் பார்க்க அவருக்குத் தெரியாது. வைத்துவிட்டு, பார்த்து, மறுபடி கூப்பிட்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அதற்குள் பக்கம் காலாவதியாகிவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை உள்ளே போனபோது நாலு முப்பத்தெட்டு. ஒவ்வொரு கல்லூரியாகத் தேடி ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சக்கரம் சுற்றும். பதினோராவது எண்ணை ஏற்றும்போது நாலு ஐம்பத்தைந்து. பூட்டுவதற்கு இன்னொரு ஓடிபி வேண்டும். பூட்டாவிட்டால் இருப்பதும் போய்விடுமோ என்று பயந்து அழுத்தினேன். அப்பா நான்காவது முறை கூப்பிட்டுச் சொன்னார். நாலு ஐம்பத்தொன்பதுக்குப் பூட்டியது. பதினொன்று. வட்டம் போட்ட எண் எட்டு வரி கீழே அப்படியே இருந்தது.

"ஆயிட்ச்சா?" என்றார் அப்பா.

"ஆயிட்ச்சுப்பா."

"செரி. நான் போய்ச் சாப்படறன்."

மணி ஐந்து. அந்த நேரத்தில் என்ன சாப்பாடு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு அவரே சொன்னார். குவாரி பள்ளத்தில் சிக்னல் கிடையாது. மேலே கழிவுக்கல் குவித்த மேட்டில் ஏறினால்தான் வரும். பன்னிரண்டரைக்கு மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஏறியவர், இறங்கினால் என் போன் தவறிவிடும் என்று ஐந்து மணிவரை அங்கேயே நின்றிருக்கிறார். அங்கே நிழல் இல்லை. சாப்பாட்டுத் தூக்கு கீழே இருந்தது.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேப்பா."

"நீ கம்ப்யூட்டர்ல வேலையா இருப்ப. நடுவுல நான் எதுக்குத் தொல்ல பண்றது?"

பதினொன்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. பட்டியல் வெளிவந்தபோது தங்கை தன் மதிப்பெண்ணை வைத்து, வட்டம் போட்ட கல்லூரியில் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணைத் தேடிப் பார்த்தாள். இவளுடையது அதைவிட அதிகம். நான் "சர்வர் டவுன்" என்றேன். அது பாதி உண்மை என்பதால் சொல்வது சுலபமாக இருந்தது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "சர்வர்னு ஒன்னாம். அது படுத்துக்கிச்சாம்" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னார். அடுத்த சுற்றில் மிச்சம் கிடந்ததில், சேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில், சிவில் கிடைத்தது. ஹாஸ்டல்.

பதினொன்றில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்றே ஆட்டத்தை அழித்துவிட்டேன் என்று எழுத ஆசை. அழிக்கவில்லை. பத்தொன்பது நாள் கழித்துத்தான் அழித்தேன். அந்தப் பத்தொன்பது நாளும் முன்னைவிட அதிகமாக விளையாடினேன். தகடு செய்யும்போது மட்டும் வேறு எதுவும் நினைவுக்கு வராது.

அழித்தது அவளை ஹாஸ்டலுக்கு அனுப்பிய அன்று. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டிக்கு நின்றோம். இரண்டு பையும் ஒரு பக்கெட்டும். பக்கெட்டுக்குள் குவளை, துணி கவ்வும் கிளிப்புகள்.

"உங்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்றேன்.

"சொல்லாத."

"என்னன்னு தெரியாமயே..."

"மூணு ஐம்பத்தெட்டு" என்றாள்.

அவள் பக்கெட்டைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி சொன்னாள். பெரியம்மா ஊரிலிருந்து வந்ததும் என்ன ஏற்றியிருக்கிறேன் என்று பார்க்க லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். ஆட்டம் பின்னால் திறந்தே இருந்திருக்கிறது. குழுவில் எல்லோரும் எனக்கு வாழ்த்து போட்டிருந்தார்கள், நேரத்தோடு.

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா? சீட்டு வந்துருமா?" பிறகு, "என்னா தெறந்துச்சு?" என்றாள்.

"ட்ரில்லிங் மெஷின் மாதிரி."

"அத வச்சு என்னா பண்ணுவாங்க?"

"இன்னும் பெரிய கல்லு ஒடைக்கலாம்."

அவள் சிரித்துவிட்டாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. என்னிடம் இனி எதையும் எதிர்பார்க்கப்போவதில்லை என்பதுபோல் இருந்தது.

"அப்பாகிட்ட நான் சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம்ண்ணா." முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "அவரு அந்தக் கல்லு மேல நின்னத எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினு இக்கறாரு. நம்ம ரெண்டு பேரு படிப்புல அவரு செஞ்ச வேல அது ஒன்னுதான்னு நெனைக்கறாரு. அத எடுத்துறாத."

வண்டி வந்தது. பக்கெட்டை நான்தான் ஏற்றினேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரவிடுமுறையில், குவாரி டெம்போ வரவில்லை என்று அப்பா கூப்பிட, பைக்கில் அழைத்துவரப் போனேன். வேலை முடிந்து நான்கைந்து பேர் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். "வாங்க இன்ஜினியரு, லேசரு கொண்ணாந்தியா?" என்றார் ஒருவர். அப்பா என்னைக் கழிவுக்கல் மேட்டுக்கு ஏற்றினார். மேலே போனதும் ஒரு பெரிய கல்லைக் காட்டினார். அளவு குறிக்கும் சிவப்புச் சாயத்தில் நான்கு வரி. வரிக்கு ஆறு எண். எங்கே மறந்துவிடுவோமோ என்று ஒவ்வொரு முறையும் கல்லில் எழுதிக்கொண்டுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார். முதல் மூன்றும் குறுக்குக்கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. மூன்றாவது வேலை செய்தது என்று அவருக்குத் தெரியாது. நான்காவதை அடிக்கவில்லை.

கீழே நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "இந்தக் கல்ல மட்டும் லாரியில ஏத்தாதீங்கன்னு மேஸ்திரிகிட்ட சொல்லி வச்சுக்கறன். மூணு வாட்டி சர்வரு ஏமாத்திப்புடுச்சு. நான் விடல. நாலாவது வாட்டி இதோ இந்த நம்பருலதான் பொண்ணுக்குக் காலேஜு." பிறகு என் பக்கம் திரும்பினார். "இல்லயாடா?"

வெயில் இன்னும் இறங்கவில்லை. மேட்டில் ஒதுங்க ஒரு செடிகூட இல்லை.

"ஆமாப்பா" என்றேன்.