விளக்கெண்ணெய் குடித்த நாய்

உக்கடத்துச் சுப்பாத்தாள் மில்லில் நூல் சுற்றுபவள். தெருநாய்களைப் பிடித்து அடைக்கும் கொட்டடியிலிருந்து, கொல்லப்படவிருந்த ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உடம்பெல்லாம் சொறி, அழுகின மீன் நாற்றம். கணவன் செங்கோடனுக்குக் குமட்டியது.

"ஊட்டுக்குள்ள ஒருக்கா அசிங்கம் பண்ணட்டும் அம்மணி, திருப்பிக் கொண்டுபோயி உட்டுப்போடுவேன்" என்றான்.

நாற்றம் போனால் அவன் மனம் மாறுவான் என்று நினைத்தாள். பிள்ளைக்குச் செய்வதுபோல நாய்க்கு விளக்கெண்ணெய் தடவி ஊறவைத்துவிட்டு, தேய்த்துக் குளிப்பாட்ட அரப்புத்தூள் கரைக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் நாய் எண்ணெய் முழுவதையும் நக்கித் தீர்த்திருந்தது.

சிறிது நேரத்தில் அது கட்டிலடியிலும் அடுப்போரத்திலும் செங்கோடனின் செருப்பிலும் கழிந்து வைத்தது. ஈ மொய்த்தது. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு கயிற்றை எடுத்தான்.

"ஏனுங்க, வெளக்கெண்ணெய் குடிச்சா நீங்க மட்டும் சும்மா இருப்பீங்களா? தடவுனது நானுங்க. கொண்டுபோறதுன்னா என்னையக் கொண்டுபோய் உடுங்க."

செங்கோடன் நாயை வெளியே இழுத்துப் போய் வாசல் வேம்பில் கட்டினான். "அந்தச் செருப்பைத் தூக்கி எறிஞ்சுபோடு" என்று சொல்லிவிட்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு தரையில் போடச் சாம்பல் அள்ளினான்.