உப்புத்தாளில் தேய்த்த பென்சில் கோடு

அந்த வீட்டுச் சுவர் உரிந்து விழுந்ததற்குக் காரணம் சுகந்தி காயப்போட்ட ஈரத்துணி அல்ல. நான்தான்.

மூன்று வருடமாக இந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபம். நீங்கள் அந்த ஊர் இல்லை, அவர்களுக்குச் சொந்தமும் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டவன், சம்பந்தமில்லாத இடத்தில் வந்து கொட்டுகிறான் என்று நீங்கள் நினைத்தால்... அது சரிதான்.

என் பெயர் தங்கராசு. வெண்ணந்தூர்ப் பக்கம். வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். இருபத்தைந்து வருடமாக இதே தொழில்தான்.

என்னைக் கண்டதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஊட்டுக்கு உள்பக்கம் மட்டும் அடிக்க எவ்வளவுங்க ஆகும்?" சதுரஅடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொன்னால் முகம் தெளிந்துவிடும். நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் வெண்ணந்தூர் மாதிரி வறண்ட பூமியில் வர்ணத்துக்குத்தான் செலவு. காவிரியோரம் போய்விட்டால் ஈரத்துக்குத்தான் செலவு!

ஜேடர்பாளையத்தைச் சுற்றி வாய்க்கால் பாயும் ஊர்களில் சுவர் அடியிலிருந்து தண்ணீரைக் குடிக்கும். ஓதம் என்போம். பின்பக்கம் வாழைத்தோப்பு, பக்கத்தில் வாய்க்கால், காற்றே பிசுபிசுவென்று இருக்கும். அங்கே உள்சுவருக்கு நேராகப் பட்டிமாவு தேய்த்து வர்ணம் அடிக்கக் கூடாது. அடிப்பூச்சை மூன்றடி உயரத்துக்குக் கொத்தி எடுக்க வேண்டும். ஓதத்தைத் தடுக்கும் மருந்து கலந்து புதுப்பூச்சுப் பூச வேண்டும். பிறகு ஒரு மாதம் சுவரைச் சும்மா காயவிட வேண்டும். வர்ணத்துக்கு ஆகும் செலவில் பாதி இந்த வேலைக்கே போய்விடும். அந்த ஒரு மாதத்தை எந்த வீட்டுக்காரரும் தரமாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும்.

நல்லம்மாள் வீட்டில் வேலை வந்தபோதும் தெரிந்தே இருந்தது.

அந்த அம்மாளின் மகன் பூபதி போர்வெல் வண்டியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பவர். வீட்டில் நல்லம்மாளும், மருமகள் சுகந்தியும், ஒரு வயதுக் கைக்குழந்தையும். குழந்தைக்குக் காது குத்த நாள் குறித்துவிட்டார்கள். தாய்மாமன் வீட்டுச் சீர் வருகிறது, சொந்தபந்தம் எல்லாம் வரும். இருபது நாளில் வீடு பளிச்சென்று ஆக வேண்டும்.

நான் போய்ப் பார்த்தது வாய்க்காலை அடைத்துத் தூர்வாரிக்கொண்டிருந்த நாட்களில். வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் அந்தப் பக்கத்துச் சுவர்கள் காய்ந்து கிடக்கும். விரலை மடக்கித் தட்டினேன். கணீரென்றது. ஆனால் சுவரடியில் வெள்ளையாய் உப்புப் பூத்த தடம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடமும் பொய் சொல்லமாட்டேன்.

சுகந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, இந்தச் செவுரு இப்பத்தான் காஞ்சு கெடக்குது. வாய்க்கால்ல தண்ணி உட்டா ஓதம் ஏறுமுங்க. போன ஆடியில நானே பாத்தனுங்க."

சொன்னதோடு விடவில்லை. அலமாரி மேலிருந்த பென்சிலை எடுத்து, குனிந்து, சுவரில் ஒரு கோடு போட்டாள். அவள் தொடை உயரம் இருக்கும். "இது மட்டுக்கும் ஏறுமுங்க" என்றாள்.

அவளும் எங்கள் பக்கத்துப் பெண்தான். ராசிபுரம் பக்கம் மானாவாரிக் காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஓதத்தைக் கண்டுகொள்வதில்லை. அவளுக்கு அது புதுசு. அதனால் கவனித்திருக்கிறாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அம்மிணி சொல்றது சரிங்க, செவுத்தைக் கொத்தோணும், காதுகுத்துக்கு ஆகாது" என்று நல்லம்மாளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வேறொருவன் என்னைவிடக் குறைந்த தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனைக் கூப்பிட்டு விடுவார்கள். அது ஒன்று.

இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது... எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. சுவரோடேயே குடித்தனம் நடத்துகிறவன் நான்! நேற்று வந்த பிள்ளை எனக்குச் சுவரைப் பற்றிச் சொல்லித் தருவதா? பெரிய கொம்பன் என்று நினைப்பு.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் அம்மிணி" என்றேன். உள்ளேயிருந்து நல்லம்மாள், "அவ என்னத்தையாச்சும் சொல்லிக்கிட்டேதான் இருப்பா. நீ வேலையப் பாரு தங்கராசு" என்றார்.

மறுநாள் வேலையைத் தொடங்கியபோது முதல் காரியமாக உப்புத்தாளை எடுத்து அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தேன். ஆட்கள் செய்திருக்கலாம். நானே செய்தேன்.

இரண்டு கை பட்டி, ஒரு கை பிரைமர், இரண்டு கை வர்ணம். வெங்காயத்தோல் நிறம். காதுகுத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நல்லம்மாள் என்னையும் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். நானும் சாப்பிட்டேன்.

வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். ஆடி பிறந்து தூறலும் பிடித்துக்கொண்டது. போன் வந்தது.

போய்ப் பார்த்தால்... சுவர் அப்பளம்போல் பொரிந்து நிற்கிறது! கை வைத்தால் ஏடு ஏடாக உரிந்து வருகிறது. பட்டி மாவாக உதிர்கிறது. உரிந்த இடத்தின் மேல்விளிம்பு எந்த உயரத்தில் நின்றது என்று நான் சொல்ல வேண்டுமா? அவள் தொடை உயரம்!

நல்லம்மாள் கொதித்துக்கொண்டிருந்தார். போனில் பூபதி. சத்தமாக வைத்திருந்தார்கள். "ஏனுங்க தங்கராசண்ணா, நாலு மாசங்கூட ஆகல, என்னங்க வேலை இது?"

என் பெயர் கெட்டால் அந்தப் பக்கம் ஒரு வீடும் கிடைக்காது. என்ன சொல்வது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அறைக்குள் குறுக்கே ஒரு கொடிக்கயிறு. அதில் குழந்தையின் துணிகள். வெளியே தூறல், பாவம், வேறெங்கே காயப்போடுவாள்?

"ஊட்டுக்குள்ள இப்பிடி ஈரத்துணி போட்டா எந்த வர்ணமுங்க நிக்கும்?" என்றேன். "தரையையும் தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவற மாதிரி தெரியுது."

எத்தனை சுலபமாக வந்தது என்கிறீர்கள்! யோசிக்கக்கூட இல்லை.

ஈரத்துணியால் ஓதம் ஏறாது. அறைக்குள் கொஞ்சம் புழுக்கம் கூடும், மூலையில் பூஞ்சை பிடிக்கலாம், அவ்வளவுதான். அடியிலிருந்து தொடை உயரத்துக்கு நூல் பிடித்தாற்போல் உரியாது. பத்து நாள் வேலைக்கு வந்த ஆளுக்குக்கூட இது தெரியும்.

சுகந்தி என்னையே பார்த்தாள். "ஏனுங்ணா... நான் அப்பவே கோடு போட்டுக் காட்டுனனுங்களே" என்றாள்.

நல்லம்மாள் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "ஏப்பா, இவ காட்டுனாளா?"

அந்த அம்மாள் நியாயமானவர். உண்மையைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை... அது போதும்.

"எனக்கு ஞாபகமில்லீங்களே" என்றேன்.

முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அப்படியல்ல. இதைச் சுகந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் குழந்தையை இறக்கிவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நல்லம்மாள் அரிவாளால் கயிற்றை அறுத்து வாசலில் வீசினார்.

உரிந்த இடத்தைச் சுரண்டி மறுபடி அடித்துக் கொடுத்தேன். அதற்கும் கூலி வாங்கினேன். அவர்கள் தப்பு அல்லவா!

பிறகு ஒரு நாள் பரமத்தி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்த ஊர்க்காரர் ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "நல்லம்மா மருமவ தண்ணியா ஊத்தி ஊட்டையே கெடுத்துப்போட்டாளாமா. அவங்கம்மா ஊட்லயே வளத்தி செரியில்லீங்க." பெற்றவள்வரை போய்விட்டது பேச்சு. நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இந்த வருடம் மறுபடி கூப்பிட்டார்கள். சுவர் பழையபடி உரிந்திருந்தது.

போகும்போதே முடிவு செய்துகொண்டுதான் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது. திட்டினால் வாங்கிக்கொள்வது. வண்டியில் போகும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருக்கிறது!

சுகந்திதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"இப்ப ஒரு துணிகூட உள்ள போடறதில்லீங்ணா. மழ பேஞ்சா பக்கத்தூட்டுக் கொட்டாய்க்குத்தான் கொண்டுபோறனுங்க. தரையக்கூடப் புழிஞ்ச துணியிலதான் தொடைக்கறேன், அப்பறம் காஞ்ச துணி போட்டு ஒருக்கா. அப்பிடியும் உரியுதுங்க. எங்கிட்ட இன்னும் என்ன தப்புன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்ணா."

நான் எதிர்பார்த்தது இதையல்ல. அவள் என்னை முறைப்பாள், குத்திக்காட்டுவாள் என்று நினைத்தேன். ஓதத்தை முதலில் கண்டவள் அவள். கோடு போட்டவள் அவள். அவளே நம்பிவிட்டாள்! அத்தனை பேர் சொல்லச் சொல்ல, தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டாள்.

சொல்லவந்ததைச் சொல்லாமல் சுவரடியில் குனிந்து தட்டிப் பார்த்தேன்.

வேலையையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று தோன்றியது. சுவரைக் கொத்த வேண்டும், ஒரு மாதம் காயவிட வேண்டும் என்றேன். "இதை அப்பவே செஞ்சிருக்கலாமல்லங்க?" என்று பூபதி போனில் கேட்டார். "இந்த மருந்து இப்பத்தானுங்க புதுசா வந்திருக்குது" என்றேன். பொய்க்குப் பொய் முட்டுக்கொடுத்தாயிற்று. மருந்துச் செலவையும் கொத்தனார் கூலியையும் என் கையிலிருந்தே போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. அதைப் பெரிய பிராயச்சித்தமாக நினைத்துக்கொண்டேன். கடன் தீர்ந்தது என்றுகூட ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். எவ்வளவு மடத்தனம்!

வாய்க்காலில் தண்ணீர் விட்டு ஒன்றரை மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். சுவர் கல்மாதிரி நின்றது. ஒரு பொட்டு ஈரமில்லை.

நல்லம்மாளுக்கு ஏகச் சந்தோஷம். "பாத்தியா தங்கராசு! என்ன மருந்து போட்டாலும் ஊட்டுப் பொம்பள கையிலதான் இருக்குது. மருமவளுக்கு இப்பத்தான் கை சுத்தம் வந்துச்சு, செவுரு நிக்குது. நீ அன்னைக்குச் சொன்னதுதான் செரி" என்றார். சுகந்தி பக்கத்தில் நின்று சிரித்தாள். "ஆமாங்ணா" என்றாள். என் நல்ல வேலைதான் அவள் மேல் போட்ட பழிக்குக் கடைசிச் சாட்சியாகப் போயிற்று. பூச்சு உரிந்துகொண்டே இருந்திருந்தால் என்றைக்காவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டேன்.

இருவரும் உள்ளே போனார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காது குத்திய அந்தக் குழந்தைக்கு இப்போது நான்கு வயது. சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தது, எனக்குக் கொடுக்கத்தான். கை தவறித் தரையில் கொட்டிவிட்டது. அரைச் சொம்புகூட இருக்காது.

குழந்தை பதறிப்போய்விட்டது. அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை. சட்டென்று முட்டிபோட்டு, தன் பாவாடையைச் சுருட்டி, சுவரை நோக்கி ஓடும் தண்ணீரை மறித்து ஒற்றி ஒற்றி எடுத்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தது. கண் கலங்கியிருந்தது.

"செவுரு கெட்டுப்போயிருமுங்க மாமா. நான் கொட்டுனன்னு அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு சொம்புத் தண்ணீரில் எந்தச் சுவரும் கெடாது கண்ணு என்று அந்த நான்கு வயதுப் பிள்ளையிடமாவது சொல்லியிருக்கலாம். அது போய்த் தன் அம்மாவிடம் சொல்லும். அவள் யோசிப்பாள்... அந்தக் கோடு ஞாபகத்துக்கு வரும்... அதுவரைக்கும் கணக்குப்போட்டுப் பார்த்துவிட்டேன், அந்த ஒரு நொடியில்.

"சொல்லமாட்டேன் சாமி" என்றேன்.

இன்றுவரை சொல்லவில்லை.