குப்பிச் சாந்து விற்ற பொன்னுத்தாய்

பொன்னுத்தாய் கீரமங்கலத்துப் பக்கம் ஊர் ஊராய் வளையல் விற்றவள். கூடை சுமந்து சுமந்து உச்சிமுடி தேய்ந்துபோனதுதான் மிச்சம். அறுபத்தொண்ணாம் வருசம் மொத்தக் கடைக்காரர் நெற்றிக்கு வைக்கிற குப்பிச் சாந்தைக் கொடுத்து விற்கச் சொன்னார். ஜவ்வரிசி கருக்கி வீட்டில் காய்ச்சுகிற சாந்து கருப்பு ஒண்ணுதானே. இது சிவப்பு, ஊதா, பச்சை என்று பாவாடைக்குத் தோதாய் வந்தது. அட்டையில் சிரிக்கிற சிறுமி படம். மூணு குப்பிக்கு ஒரு கைக்கண்ணாடி இனாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொய்த்தார்கள். கலரைக் காட்டச் சொன்னால், தன் இடது மணிக்கட்டில் தொட்டுவைத்துக் காட்டுவாள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, மீனம்மாள் மகள் சொர்ணவல்லி, மூணு வருசம் ஒரு நாள் தவறாமல் வைத்தாள். அரித்தது, சொறிந்துகொண்டு அதன்மேலேயே வைத்தாள். நெற்றி காசளவு வெளுத்தது. மறைக்க இன்னும் பெரிசாக வைத்தாள். பூ வைத்துவிட்டுப் போன இலுப்பூர் சம்பந்திக்கு யாரோ போய்ச் சொல்ல, வெண்குட்டம் பரம்பரையில் ஓடுது என்று கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். மீனம்மாள் படுத்த பாயை விட்டு எழவில்லை.

கேள்விப்பட்டு, பொன்னுத்தாய் வளையல்களை மேலே தள்ளி மணிக்கட்டைப் பார்த்தாள். அதே வெள்ளை. வாயை மூடிக்கொண்டால் பிழைப்பு ஓடும். ஒரு ராத்திரி அப்படித்தான் நினைத்துக் கிடந்தாள். விடிந்ததும் இலுப்பூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மாப்பிள்ளையின் தாய் ஆவுடையாள், பொண்ணுக்கு நீ சொந்தமா என்று கேட்டாள்.

"ஒரு சொந்தமும் இல்லங்க, வளையல்காரி. அந்தப் பிள்ளை நெத்தியில இருக்கிறது எங் கையிலயும் இருக்கு. நான் வித்த சாந்து செஞ்ச வேலை. பரம்பரையில வாரதுன்னா எனக்கு எப்படிங்க வரும்?"

"ஒனக்கும் அந்தச் சீக்கு இருக்கோ என்னமோ."

"சாந்து தொட்ட எடத்த விட்டா வேற எங்கிட்டும் இல்லங்க. முதுகக் காட்டவா?"

 ஆவுடையாள் உள்ளே இருந்த தன் சின்ன மகளைக் கூப்பிட்டு, நெற்றியில் இருந்த குப்பிச் சாந்துப் பொட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பொட்டு இருந்த இடம் சிவந்து, நடுவில் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

கல்யாணம் குறித்த தேதியிலேயே நடந்தது. கல்யாண வளையல் போட மட்டும் பொன்னமராவதியிலிருந்து வேறொருத்தியைக் கூட்டிவந்தார்கள். கையில் வெள்ளை விழுந்தவளிடம் பொண்ணுக் கையை எப்படி நீட்டுவது என்று மீனம்மாளே தயங்கித்தான் சொன்னாள். சரிதான் என்றாள் பொன்னுத்தாய். அப்புறம் எந்த ஊரிலும் அவளிடம் யாரும் கை நீட்டவில்லை.

அந்த வருசம் தை மாசம் அவள் கடலைச்செடி பிடுங்கி ஆயக் கூலிக்குப் போனாள். குனிந்தே வேலை, இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் கடலைக்காட்டில் கையில் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை.