பூங்காவனம் ஊதிய மூச்சு

உள்ளறையிலிருந்து அந்த இருமல் கேட்டது. மூச்செடுக்க இடம் விடாமல், ஒன்றன் மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து இருமல். பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவிக்கொண்டிருந்த பூங்காவனம் காதைத் தீட்டிக்கொண்டாள். இருமி முடித்தால் பிள்ளை அழ வேண்டுமே, ஏன் அழவில்லை?

"அக்கா! ஓடியாங்க! பிள்ளை நீலமா போவுது!" என்று பிள்ளையின் தாய் ஜெயா அலறினாள்.

பூங்காவனம் ஓடினாள். நாற்பது நாள் பிள்ளையின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. அவனைக் குப்புறப் புரட்டி முதுகில் தட்டினாள். கயிறு போல் சளி வழிந்தது. அதற்குப் பிறகுதான், ஒரு யுகம் கழிந்தது போல, மெல்லிய அழுகை வந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வாரத்தில் பிறந்தவன் அவன். மலாக்காவின் காஜா பேராங்கில் தெரு முழுக்கக் கொடி பறந்தபோது அவனுக்கு முதல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியவள் பூங்காவனம்தான்.

இருவரும் பிள்ளையோடு பெச்சா மிதிவண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். பிள்ளைக்கு ஆக்சிஜன் வைத்த பிறகு, மருந்து கொடுக்கும் உதவியாளரான டிரெசர் ராஜரத்தினம் வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"கக்குவான் இருமல். வீட்டில ஆருக்கும் இருமல் இருக்கோ?"

"யாருக்கும் இல்லீங்க" என்றாள் ஜெயா.

அந்த நேரம் பார்த்தா பூங்காவனத்தின் தொண்டை அரிக்க வேண்டும்! சேலைத் தலைப்பைக் கடித்தாள். அடங்கவில்லை. இருமிவிட்டாள்.

டிரெசர் திரும்பினார். "உங்களுக்கு எத்தனை நாளாய்?"

"மூணு வாரமா. சும்மா கமறல்தான், ஐயா. மிளகு கசாயம் குடிக்கிறேன்."

"பெரியாக்களுக்குச் சும்மா இருமல்தான். ஆனால் கிருமி ஒண்டுதான், அம்மா. அது மூச்சுக்குழாய்க்குள்ள இருக்கிற சின்னச் சின்ன மயிரில ஒட்டிக்கொண்டு விஷம் கக்கும். சளியை மேலே தள்ளுறது அந்த மயிர்தான். அது செத்தால் சளி உள்ளுக்கே தேங்கும். வளர்ந்த பிள்ளை கூவிக் கூவியாவது மூச்சை இழுத்துப்போடும். இந்தப் பச்சைப் பிள்ளைக்கு அந்தப் பலம் இல்லை. மூச்சே நிண்டுபோகும்." அவளை உற்றுப் பார்த்து, "பிள்ளையின்ட முகத்துக்குக் கிட்டப் போனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா."

பொய்! வாயிலிருந்து வந்ததுமே அது அவளைச் சுட்டது.

யுத்தத்தில் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போன புருஷன் திரும்பவில்லை. தன் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அப்படிப்பட்ட பூங்காவனத்துக்கு ஊர்ப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதுதான் பிழைப்பு, அதுதான் வாழ்வு. காலில் கிடத்தி எண்ணெய் நீவி, மூக்கைத் தேய்த்து எடுப்பாக்கி, சாம்பிராணி காட்டுவாள். கடைசியில், மூக்கில் தண்ணீர் தங்காமலிருக்கத் தன் வாயை வைத்து ஊதுவாள். அவள் ஊதினால் பிள்ளைக்குச் சளியே பிடிக்காது என்று தாய்மார்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

மூன்று வாரமாக, இருமிக்கொண்டே, தினமும் ஊதியிருக்கிறாள்.

இரண்டு நாள் அவளால் உட்கார முடியவில்லை. அடுப்பை மூட்டினாள், அணைத்தாள். வாசலுக்குப் போனாள், திரும்பினாள். அவள் குளிப்பாட்டும் பிள்ளைகள் இன்னும் இரண்டு: உஜோங் பாசிரில் அலமேலுவின் பெண் குழந்தை, புக்கிட் பாருவில் இன்னொன்று. அந்த மூக்குகளிலும் இந்த மூச்சுதானே போயிருக்கிறது! உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பி நின்றுகொண்டாள். ஆனால் ஏற்கெனவே ஊதியதை எப்படித் திரும்ப எடுப்பது? சொன்னால் இனி எந்த வீட்டுப் பிள்ளை அவள் மடிக்கு வரும்? சொல்லாவிட்டால் அந்த இரண்டும் நீலமாகுமோ?

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பிள்ளையின் கட்டிலருகே ஜெயாவும் இருந்தாள், டிரெசரும் இருந்தார்.

"நான்தான் ஐயா பிள்ளை மூக்குல வாய வச்சு ஊதினேன். தினமும் ஊதினேன். இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, ஓடிப் போய்ப் பாருங்க!"

ஜெயா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அடித்திருந்தால்கூடப் பூங்காவனம் தாங்கியிருப்பாள்.

அன்றே டிரெசர் மருந்தோடு இரண்டு வீட்டுக்கும் போனார். புக்கிட் பாருவில் ஒன்றுமில்லை. அலமேலுவின் பெண்ணுக்குத் தும்மல் மட்டும் தொடங்கியிருந்தது, மருந்து முந்திக்கொண்டது.

ஜெயாவின் மகன் ஒரு மாதம் சாவோடு மல்லுக்கட்டினான்.

பூங்காவனத்தை யாரும் கூப்பிடவில்லை. இருமல் மட்டும் அவளை விடவில்லை. "கிருமி எப்பவோ செத்துப்போச்சு. விஷம் செய்த காயம்தான் ஆற வேணும், நூறு நாளும் ஆகும். இனி ஆருக்கும் ஒட்டாது" என்று டிரெசர் சொல்லியிருந்தார். அவள் மனம் நம்பவில்லை.

ஒரு பிற்பகல் கதவு தட்டப்பட்டது. ஜெயா! தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். கையில் பூங்காவனம் அன்று விட்டுவந்த எண்ணெய்க் குப்பி.

"உங்க குப்பி" என்று வாசற்படியில் வைத்தாள். உள்ளே வரவில்லை.

"எப்படிம்மா இருக்கான்?"

"பொழைச்சிட்டான். குளிப்பாட்ட நானே கத்துக்கிட்டேன், அக்கா. ஊதுறதில்ல. உங்க மேல கோபம் இன்னும் போகல. போகுமான்னும் தெரியல." பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள். "ஆனா நீங்க வந்து சொன்னதாலதான் அலமேலு பிள்ளை தப்பிச்சுது. அதையும் என்னால மறக்க முடியல."

பிள்ளை கண் விழித்து, பழகிய முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான். பூங்காவனத்தின் கைகள் தாமாக நீண்டன. அதே கணம் தொண்டை அரித்தது.

"போ ஜெயா! தூக்கிட்டுப் போயிரு!"

ஜெயா படியிறங்கினாள். பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டு கதவை இறுகச் சாத்தினாள். அதன் பிறகுதான் இருமினாள்.