ஒரே சொம்பில் தண்ணீர்

எங்கள் மலைக் கல்லூரிக்குச் சமாதானப் பரிசு வாங்கியவர்கள் பேச வந்தார்கள். நான் அங்கே சமையல்காரன். அவர்களில் ஒருவர் ஒல்லியான கிழவர். கூட்டம் கைதட்டினால் காது மிஷினைக் கழற்றுவார். யாராவது பேச வந்தால் மாட்டிக்கொள்வார். அவருக்கு டீ கொடுக்கும்போது கேட்டேன்.

“என் தம்பிய அடிச்சிக் கொன்னவனோட ஒரே சொம்புல தண்ணி குடிச்சி ராசியாவணும்னு ஊரு சொல்லுதுங்க. குடிச்சா கேஸ வுட்டுடணும். இன்னா பண்றதுங்க?”

“நான்தான் செஞ்சேன்னு அவன் சொன்னானா?”

“இல்லீங்க. ஊருதான் பேசுது.”

அவர் டீயைக் கீழே வைத்தார்.

மறுநாள் பஞ்சாயத்தில், “அவன் வாயால சொல்லட்டும், குடிக்கறேன்” என்றேன். அவன் சொல்லவில்லை. கேஸ் நடக்கிறது. ஊரில் யாரும் எங்களோடு பேசுவதில்லை. சில நாள் அந்தக் கிழவர் மேல் கோபம் வருகிறது. ஆனால் அவன் ஒப்புக்கொண்டானா என்று என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.