ஹிப்பு அழுது ஓயும்வரை

எங்கள் கட்டிடத்தில் யாரும் சட்டென்று கதவைத் திறந்து வெளியே வருவதில்லை. முதலில் கதவில் காதை வைத்துக் கேட்போம். படிக்கட்டில் காலடி கேட்டால், அது கீழே இறங்கித் தெருக்கதவு சாத்தப்படும்வரை கோட்டும் தொப்பியுமாக உள்ளேயே நிற்போம். எதிர்வீட்டுத் தைஸ்தோவுக்கும் எனக்கும் இது பல வருடப் பழக்கம். நான் குப்பைப் பையோடு காத்திருக்கும்போது எதிர்க்கதவுக்குப் பின்னால் அவருடைய சாவிக்கொத்து மெல்லக் குலுங்கும். அவரும் நிற்கிறார் என்று புரியும். எங்களுக்குள் சண்டையெல்லாம் கிடையாது. என்னால் அவருக்குத் தொந்தரவு வேண்டாம், அவரால் எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

தைஸ்தோ எங்கள் ஊரான லியெக்ஸாவின் நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். ஊர் விழிப்பதற்குள் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு கடைக்கும் நூலகத்துக்கும் போவார். அவர் வீட்டு மணியை யாரும் அடித்து நான் கேட்டதில்லை.

ஒரு வருடம் இலையுதிர் காலத்தில் அவர் தொப்பிக்குள் எதையோ வைத்து மாடிப்படி ஏறினார். கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். தொப்பியிலிருந்து ஒரு சாம்பல் நிற வால் தொங்கியது. கூட வேலை பார்த்தவரின் மாட்டுக்கொட்டிலில் இருந்த தாய்ப்பூனை பால் லாரியில் அடிபட்டுச் செத்துப்போயிருந்தது. பிழைத்தது இந்த ஒரு குட்டிதான். பால்குடி மறக்காத வயது. ஹிப்பு என்று பெயர் வைத்தார். துணுக்கு என்று அர்த்தம்.

இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று. குளிர் இறுகிய பிறகு, தினமும் சாயங்காலம் தைஸ்தோ தன் வீட்டுக்கு வெளியே வந்து நிற்க ஆரம்பித்தார். செருப்பில்லை, மேல்கோட்டில்லை. மெல்லிய பருத்திச் சட்டை, பருத்திக் காலுறை. படிக்கட்டு விளக்கு தானாக அணையும், அவர் பொத்தானை அழுத்துவார், மறுபடி அணையும். நான் உள்ளே நின்றபடி அவர் போவதற்குக் காத்திருந்தேன். அவர் போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான நீராவிக் குளியல் அறையில் எனக்கான முறை. துண்டும் வாளியுமாகக் கதவருகே நின்றுகொண்டிருக்கும்போதே என் முறையில் பாதி கழிந்துவிட்டது. மூன்றாம் மாடி ஹெல்வி இறங்கி வரும் சத்தம் கேட்டது. கட்டிடத்தில் வாயை மூடாத ஒரே ஆள் அவள்தான்.

"என்ன தைஸ்தோ, பொண்டாட்டி வெளிய தொரத்திட்டாளா?"

"ஆமா. நாலு காலு பொண்டாட்டி."

"அட! இந்த வயசுலயா? என்ன தப்பு பண்ணுன?"

"மடியில உக்கார விட்டேன். அதான் தப்பு."

ஹெல்வி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவர் சிரிக்கவில்லை. விளக்கு அணைந்தது. அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அவர் வீட்டுக்குள் குட்டி அழுதுகொண்டிருந்தது. கதவை நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி அழுதது. இருட்டில் அவர் கை கதவின் கைப்பிடிக்குப் போகும் சத்தமும் கேட்டது.

நான் கதவைத் திறந்துவிட்டேன்.

"மன்னிச்சுக்கோங்க," என்றார் உடனே. "வழிய மறிச்சிட்டேனா?"

"இல்ல இல்ல. சும்மா... குளிக்கப் போறேன்."

"போங்க, போங்க."

நான் போகவில்லை. குட்டி அழுதது. "உடம்பு சரியில்லையா அதுக்கு?" என்றேன். அத்தனை வருடத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். சாயங்காலம் அவர் உட்கார்ந்ததும் ஹிப்பு மார்பில் ஏறும். கம்பளிச் சட்டையின் அக்குள் பக்கம் முகத்தைப் புதைத்து, இரண்டு முன்னங்காலாலும் மாற்றி மாற்றி மிதித்தபடி பால் குடிப்பதுபோலச் சப்பும். தூங்கும்வரை சப்பும். அவர் அசையாமல் இருப்பார். தேநீர் ஆறிப்போகும், கால் மரத்துப்போகும், அப்படியே இருப்பார். ஒருநாள் குட்டி வாந்தி எடுத்தது. தின்பதை நிறுத்தியது. கால்நடை மருத்துவர் வயிற்றை அறுத்துக் குடலிலிருந்து கம்பளி நூலை எடுத்தார். சப்பும்போது விழுங்கியது.

"'இன்னொரு தடவ இப்படி ஆனா தாங்காது'ன்னு அந்த டாக்டர் பொண்ணு சொல்லிடுச்சு. வீட்ல ஒரு நூல் கம்பளி இருக்கக் கூடாதாம். சப்ப வந்தா திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. கீழ எறக்கி விட்டுட்டு எந்திரிச்சுப் போயிடணுமாம்."

"அதுக்கு வெளிய வந்து நிக்கணுமா?"

"வேற ரூம்லதான் மொதல்ல நின்னேன். அது அழும். நான் கதவத் தொறந்துடுவேன். இங்கன்னா யாராவது பாப்பாங்கன்னு கொஞ்சம் வெட்கமாவது இருக்கும்ல."

சொல்லும்போதே அவர் கை மறுபடி கைப்பிடிக்குப் போனது.

"தொறக்காதீங்க," என்றேன்.

என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. அவர் கையை எடுத்தார்.

"இப்ப தொறந்தா, அழுதா கதவு தொறக்கும்னு நெனச்சுக்கும். கொஞ்சம் பொறுங்க."

"எத்தன நேரம்?"

"அதுவா நிறுத்துற வரைக்கும்."

துண்டும் வாளியும் தரையில் இருந்தன. இருவரும் நின்றோம். விளக்கு அணைந்தபோது நான் பொத்தானை அழுத்தினேன். அழுகை மெல்ல மெல்ல ஓய்ந்தது. அவர் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் என் வீட்டு மணி அடித்தது. பெரிய காகிதப் பையோடு நின்றார். கம்பளிச் சட்டை, காலுறைகள், கழுத்துத் துணி, ஒரு போர்வை.

"தூக்கிப் போட மனசு வரல. அது மறக்குற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டுமா?"

வாங்கி அலமாரியில் வைத்தேன். சட்டையின் அக்குள் பக்கம் எச்சில் காய்ந்து விறைத்திருந்தது. நடுவில் ஒரு ஓட்டை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சாயங்காலமானால் அவர் வெளியே வருவார். நானும் வருவேன். ஒருநாள் இரண்டு கோப்பை காப்பி கொண்டு வந்தேன். பிறகு அதுவே வழக்கமானது. படியில் உட்கார்ந்து குடிப்போம். கல்படி சில்லிட்டிருக்கும், வெளியே பனி கொட்டும். எனக்குப் பின்னால் கதவு திறந்தே இருக்கும், சமையலறை கதகதப்பாக இருக்கும், மேஜையருகே இரண்டு நாற்காலி. உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. அழைத்தால் வற்புறுத்தியதாகிவிடுமோ என்று இருந்தது. உள்ளே வரலாமா என்று அவரும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பார்.

அதிகம் பேசவில்லை. ஹிப்பு வயிற்றில் முடி முளைத்துவிட்டது என்பார். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் அன்று என்ன சமைத்தோம் என்று சொல்வேன். அழுகை சீக்கிரமே அடங்க ஆரம்பித்தது. சப்ப வரும் நேரத்தில் தட்டில் மீன் வைக்கச் சொன்னேன். அதுவும் உதவியது.

ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கிய சமயம், ஒரு சாயங்காலம் அவர் வெளியே வந்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"இன்னிக்கு அது வரவே இல்ல," என்றார். "மீனத் தின்னுச்சு, ஜன்னல்ல போய்ப் படுத்துக்கிச்சு."

"நல்லதாப் போச்சு."

"ஆமா. நல்லதுதான்."

காப்பியைக் குடித்தோம். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பூனை அழவில்லை. அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோப்பைகளைக் கொண்டு வந்தேன்.

ஹெல்வி கடைப் பையோடு ஏறி வந்தாள். எங்களுக்கு நடுவே வழி விட்டோம்.

"இன்னுமா உன்ன உள்ள விடல அவ?"

"விட்டுட்டா," என்றார் தைஸ்தோ. "சரியாயிடுச்சு. இனி சப்பாது."

"அப்புறம் இங்க என்ன வேல உனக்கு?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள், பதிலுக்குக்கூட நிற்காமல் மேலே போய்விட்டாள். தைஸ்தோவின் காது சிவந்துவிட்டது. கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"ஆமால்ல. உங்களையும் குளிர்ல நிக்க வச்சிட்டேன். ரொம்ப நன்றி."

"பரவாயில்ல," என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் காப்பி போட்டுவிட்டுக் கதவருகே நின்றேன். அவர் கதவு திறக்கவில்லை.

ஹிப்பு இப்போது வளர்ந்த பூனை. நன்றாகத் தின்கிறது. மடியில் ஏறுவதில்லை, ஜன்னலில்தான் படுக்கிறது. தைஸ்தோ கடைக்கும் நூலகத்துக்கும் போய்வருகிறார். குளிர்காலத்திலும் பருத்திக் காலுறைதான். வெளியே கிளம்புமுன் நான் கதவில் காதை வைத்துக் கேட்கிறேன். எதிரே சாவிக்கொத்து குலுங்குகிறது. முதலில் அவர் போகிறார், அல்லது நான் போகிறேன். அவருடைய கம்பளித் துணிப் பை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.